தீப்பெட்டி அளவு

வெள்ளிக்கிழமைக்குள் கருப்பொருள் வேண்டுமாம்.
தாளின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
ஜூன் கண்காட்சிக்கு ஆறு படங்கள்,
ஆறும் அந்தக் கட்டத்துக்குள்ளிருந்து வரவேண்டும்.

டெவான் 'தனிமை' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.
ஷிரீனுக்குக் கடல். அவள் கடலைக் கண்டது
ஒரேயொருதரம், விமானத்து யன்னலால்.
லூக்கஸுக்கு வழமைபோல மண்டையோடு.

மிஸ் பெலான்ஷே என் மேசையில் கையூன்றி
"உன்னிடம்தான் எவ்வளவு இருக்கிறது" என்றார்.
நிறங்கள், கோயில், துணிகள்...
யுத்தம் என்ற சொல்லை மட்டும்
சுடுசட்டியை இறக்குவதுபோல மெல்ல வைத்தார்.

எனக்கு அதெல்லாம் தெரியாது மிஸ்.
நான் ஏஜாக்ஸில் பிறந்தவள்.
போன வருஷம் ஒரு முகத்தை நடுவால் பிளந்து
ஒரு பக்கம் பொட்டும் தோடும்
மற்றப் பக்கம் ஹூடியுமாய் வரைந்தேன்.
தொண்ணூற்றிரண்டு புள்ளி.
அலுவலக வாசலில் இன்னும் தொங்குகிறது.
நான் ஜிம் பக்கத்தால் சுற்றிப் போகிறேன்.

வியாழன் பின்னேரம் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன்.
ஏப்ரல் பிறந்து நாலு நாள்.
பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தின் கடைசி மூலையில்
அது மட்டும் போகாமல் நின்றது,
மாரி முழுக்கத் தள்ளித் தள்ளிச் சேர்த்த சினோ மலை.
இரண்டு ஆள் உயரம்.
வெள்ளை என்று சொல்ல ஒரு பொட்டு இடமில்லை.

கிட்டப் போனேன்.
உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்.
ஒரு தள்ளுவண்டிச் சில்லு, பாதி ஹொக்கி மட்டை,
குழந்தையின் ஒற்றைக் காலுறை
இப்போதுதான் வெளியே வரத் தொடங்கியிருந்தது.
சீமெந்துக் கட்டில் குந்தியிருந்து
விரல் விறைக்கும்வரை வரைந்தேன்.
சாம்பல் நிறம் என்றுதான் நினைத்தேன்.
இல்லை. தேத்தண்ணிச் சக்கையின் நிறம் இருந்தது,
நாயின் மூக்கு இருந்தது,
உப்புப் பூத்த இடத்தில் கொஞ்சம் ஊதாவும்.

இரவு சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தேன்.
அப்பா கறிக்கையைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்தார்.
"இது எங்கட பிளாசா அல்லோ" என்றார்.
"இந்த இடப்பக்கம் நான் குவிச்சது.
வலப்பக்கம் ஹர்ஜீத். அவன் பிளேட்டை
உயர்த்தாமலே திருப்புவான்.
பார், சரிஞ்சு கிடக்கு."

சரிந்துதான் கிடந்தது.
கண்டபடி வரைந்தேன்,
அதற்கு ஒரு ஆள் இருக்கும் என்று நினைக்கவில்லை.

படத்தில் படாமல் முழங்கையால் காட்டினார்:
"இந்தத் தடிச்ச கோடு பெப்ரவரியில கொட்டினது.
பள்ளிக்கூடம் இல்லையெண்டு நீ துள்ளின அண்டைக்கு.
பதினாறு மணித்தியாலம். வைப்பரும் உடைஞ்சு போச்சு."
பிறகு சோற்றைப் பிசைந்தார்.
மோர்மிளகாய் இருக்கா என்று அம்மாவைக் கேட்டார்.

அன்றைக்கு நான் பதினொரு மணிவரை படுத்திருந்தேன்.
கதவு திறந்த சத்தம் கேட்டது,
போர்வையை இழுத்துத் தலையை மூடினேன்.

வெள்ளிக்கிழமை
கட்டத்துக்குள் எழுதினேன்:
இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் ஹர்ஜீத்.
'ஜீத்' கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது.

"கருப்பொருள் என்றால் ஒரு எண்ணம், பெயர்களல்ல,"
என்றார் மிஸ். படத்தைப் பார்த்தார்.
திரும்பவும் பார்த்தார்.
"ஆனால் இது ஜூனுக்குள் கரைந்துவிடுமே?"

ஓம் மிஸ். அதனால்தான் ஆறு படம்.
ஆறாவதில் வெறும் தார்தான் இருக்கும்,
ஒரு எண்ணெய்க் கறை இருந்தால் அதுவும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் இல்லை.

நாலு மணிக்கு மழை என்கிறது ஃபோன்.
மழை ஒரேயடியாய் அரை மலையைத் தின்னும்.
மூன்று இருபது பஸ்ஸைப் பிடித்தால்
இரண்டாம் படத்துக்கு
இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கும்.